இடது பக்கம் மந்தம்

ஆகஸ்ட் 4, 2025. திங்கள். காலை 9:10.

மொத்தம் 36 சேனல். ஒழுங்காக வேலை செய்வது 23. கரகரப்பது 8. மூச்சே இல்லாதது 5. கையில் இருப்பது பதினாறு நாள்.

இடம் சாலிகிராமம், நைனா முகமது பாயின் ரிக்கார்டிங் ஸ்டுடியோ. பொருள், 1981-ல் இங்கிலாந்தில் செய்த அனலாக் மிக்ஸிங் கன்சோல். ஒன்பதடி நீளம், ஒரு மைக்குக்கு ஒரு சேனல். 20-ம் தேதி இதில் ஒரு படத்துக்குப் பின்னணி இசை பதிவு. பதினெட்டு வயலின், நாலு செல்லோ. அதற்குள் சரியாகாவிட்டால் கன்சோலைக் கழற்றி சேனல் சேனலாக விற்றுவிட்டு, அறையைத் தடுத்து நாலு பாட்காஸ்ட் ரூம் போட்டுவிடுவேன் என்றார் பாய். டீ குடித்துக்கொண்டே சொன்னார். நியாயம்தான். ஓடாத மெஷினுக்கு எத்தனை நாள் ஏசி போடுவார்?

எனக்கு இந்தப் பழைய சாமான்கள் மேல் பக்தி எல்லாம் கிடையாது. கெபாசிட்டர் காய்ந்தால் சத்தம் போகும், மாற்றினால் வரும். நாலு வருஷம் ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு சர்வீஸ் பார்த்தவன் நான். ஈசிஜி மெஷினை யாரும் கற்பூரம் காட்டிக் கும்பிடுவதில்லை. இதை மட்டும் கும்பிடுகிறார்கள்.

இங்கே மிக்ஸிங் இன்ஜினியர் ஃபிலோமினா. நாற்பத்தைந்து வயதிருக்கும், தூத்துக்குடி. பத்தொன்பது வருஷமாக இந்த நாற்காலி அவருடையது. மேடம் என்றேன். மேடம் என்றால் பின்னால் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது, அக்கா என்றே கூப்பிடு என்றார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததிலிருந்து மதியம் வரை பதினான்கு தடவை "பார்த்து" என்றார். எண்ணினேன்.

தூக்கம் சரியில்லை. சனிக்கிழமை ஆடித் திருவிழா கச்சேரியில் நண்பன் செந்தூரனின் ஆம்ப்ளிஃபயர் மக்கர் செய்தது. இடது தோள் ஸ்பீக்கர் அடுக்கில் உரச, இரண்டு மணி நேரம் ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலை இன்னும் அடைத்த மாதிரி இருக்கிறது. நாளைக்குச் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 5

27 சேனல்.

என் முறை எளிது. சந்தேகப்படுகிற மாட்யூலைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டு. கோளாறும் கூடவே போனால் மாட்யூலில் தப்பு. கோளாறு பழைய இடத்திலேயே நின்றால் இடத்தில் தப்பு. மூளையே வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் போதும்.

17-ஐக் கழற்றியபோது ஃபிலோ அக்கா எழுந்தே நின்றுவிட்டார். அது பாடகர்களின் சேனலாம். திரும்ப அதே இடத்தில் மாட்டிக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

காலையில் வாஷ்பேசின் பக்கத்தில் நின்று அம்மா ஏதோ கேட்டார். நேரமாகிவிட்டது, சரி சரி என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே சமையலறைக்குள் போனார். இட்லிக்கு இரண்டு சட்னி.

ஆகஸ்ட் 7

புதுத் தொல்லை. ஒரு மெல்லிய ஊய். கொசு தூரத்தில் பறப்பது மாதிரி. ஆறாயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும். இடது பக்கம்.

பவர் சப்ளையாகத்தான் இருக்கும் என்று அதன் பெரிய கெபாசிட்டர் நாலையும் மாற்றினேன். ஊய் அப்படியே. ஃபிலோ அக்கா ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து நின்று கேட்டுவிட்டு ஒன்றும் இல்லையே என்கிறார்.

ஆகஸ்ட் 8

அந்த ஊய் வீட்டிலும் இருக்கிறது! அப்படியானால் இது வேறு கேஸ். கீழ் வீட்டு ஜெகதீசன் சார் போன மாதம் புது இன்வெர்ட்டர் வாங்கினார். மட்டமான இன்வெர்ட்டர் இப்படித்தான் கத்தும். போய்ச் சொன்னேன். பாவம், குனிந்து அதன் மேல் காதை வைத்துக் கேட்டார். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். அறுபத்தெட்டு வயதில் ஆறாயிரம் ஹெர்ட்ஸ் கேட்பது கஷ்டம் என்று விளக்கினேன். கதவை மரியாதையாகத்தான் சாத்தினார்.

ஆகஸ்ட் 9. சனி

31 சேனல். ஆனால் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடித்துவிட்டேன்.

இடது பக்கம் மந்தம். வலது ஸ்பீக்கரில் டிரம்ஸின் சிம்பல் தட்டு கண்ணாடி மாதிரி வருகிறது. இடதில் அதே சிம்பலுக்குத் துண்டு போர்த்திய மாதிரி.

இடது வலது மாஸ்டர் கார்டுகளை மாற்றி மாட்டினேன். மந்தம் இடதிலேயே நின்றது. ஸ்பீக்கரோ என்று ஹெட்போன் போட்டேன். அதிலும் இடது மந்தம். ஆக ஸ்பீக்கர் இல்லை, அறை இல்லை, கார்டு இல்லை. மிச்சம் இருப்பது கன்சோலின் முதுகில் ஓடும் வயர்க்கட்டு. நாற்பத்துநாலு வருஷ வயர். உள்ளே பச்சை பூத்திருக்கும்.

மீட்டர் வைத்து அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே கோடு என்கிறது. மீட்டரைச் சரிபார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அதன் மேல் 'சந்தேகம்' என்று லேபிள் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஃபிலோ அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு தம்பி" என்றார்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நேராகவே சொன்னேன். பத்தொன்பது வருஷம் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தால் மேல்ஸ்தாயிதான் முதலில் போகும். போனது போனவருக்குத் தெரியாது. வெட்கப்பட ஒன்றும் இல்லை, காதை டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு சாப்பிடப் போய்விட்டார். தினமும் என் பக்கம் தள்ளுகிற மீன் ஊறுகாய் பாட்டில் இன்றைக்கு அவர் பக்கமே இருந்தது.

ஆகஸ்ட் 11

ஃபிலோ அக்கா நிஜமாகவே காதை டெஸ்ட் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். கிராஃபில் இரண்டு காதும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. கன்சோலுக்கு மேலே சுவரில் வெள்ளை டேப் வைத்து ஒட்டினார்.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் கன்சோல் அடியில் நீளமாக ஒரு டேப் ஒட்டி, எந்த சேனலில் எந்த வாத்தியம் என்று பேனாவால் எழுதுவார். பதிவு முடிந்ததும் உரித்து மெஷின் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டுவார். பத்தொன்பது வருஷக் கதவு. மரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

"பக்கத்துல இடம் விட்டிருக்கேன். நீயும் ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார்.

எனக்கு இருபத்தேழு வயது. எதற்கு?

ஆகஸ்ட் 12

36 சேனலும் ஓடுகிறது. இருந்தும் ரிப்போர்ட்டில் உண்மையை எழுதினேன். இடது பக்க வயர்க்கட்டு முழுவதும் போய்விட்டது, புதிதாக இழுக்க மூன்று மாதம் ஆகும், 20-ம் தேதிக்கு வாய்ப்பில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பாய் இரண்டு தடவை படித்தார். உறுதிதானா என்றார். உறுதியில்லாததை எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை என்றேன். என் முன்னாலேயே மும்பைக்குப் போன் போட்டார். பழைய கன்சோல்களை வாங்கிப் பிரித்து விற்கும் ஆள் ஒருவர் 18-ம் தேதி காலை வேனோடு வருகிறார். அதற்குள் பின்பக்க வயர்களை நான் கழற்றி வைக்க வேண்டும். பதிவு வேறு ஸ்டுடியோவுக்குப் போகிறது.

ஃபிலோ அக்கா சண்டை போடவில்லை. பாட்காஸ்ட்டுக்கு காலர் மைக்கை இடது காலரில் குத்த வேண்டுமா, வலதிலா என்று என்னிடம் கேட்டார். எதுவானாலும் பரவாயில்லை என்று விளக்கினேன். அவர் எழுந்து போன பிறகுதான் அது கேள்வி இல்லை என்று புரிந்தது.

ஆகஸ்ட் 13

அம்மா காலை ஆறரைக்கு ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினார். ஷூ! எங்கே என்றேன். நீதானே சரின்னு சொன்னே என்றார். நானா? எதற்கு? அதற்குள் படியிறங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 14

இப்போதெல்லாம் சென்னையில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. இன்றைக்கு மட்டும் மூன்று பேர் இடது பக்கம் சத்தமே இல்லாமல் ஏறி வந்தார்கள். மூன்றாவது ஆள் தண்ணீர் லாரி. வந்ததோடு நிற்காமல் என்னைத் திட்டவும் செய்தான்.

ஆகஸ்ட் 15

லீவு. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிவதற்குள் தெருவில் கரண்ட் போய்விட்டது. ஜெகதீசன் சார் வாசலில் நாற்காலி போட்டு, பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்வெர்ட்டர் என்ன ஆச்சு என்றேன்.

"உனக்காகத்தாம்பா போன வாரமே கழட்டிப் போட்டேன். இப்ப சத்தம் நின்னுதா?"

நிற்கவில்லை. அப்படியானால் பக்கத்து பில்டிங்காக இருக்கும் என்றேன். எந்த பில்டிங் என்றார். வடக்குப் பக்கம் கை காட்டினேன்.

ஆகஸ்ட் 16. சனி. காலை 11:40

கோளாறு இப்போது வலது பக்கம் வந்துவிட்டது. விட்டு விட்டு வரும் கோளாறு. இருப்பதிலேயே மோசமான ரகம்.

கன்சோலுக்குப் பின்னால், ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு கழற்றியாகிவிட்டது, எல்லாம் ஓரத்து வயர்கள். முன்னால் ஃபிலோ அக்கா ஏதோ பழைய பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு தடவை என்று சொல்லவில்லை, ஆனால் அதுதான். திடீரென்று கவனித்தேன். வலது ஸ்பீக்கர் மந்தம். இடது கண்ணாடி.

எட்டிப் பார்த்து, ஸ்பீக்கர் கேபிளை மாற்றினீர்களா என்று கேட்டேன். நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கிளாசைத் தூக்கிக் காட்டினார்.

முன்னால் வந்து உட்கார்ந்தேன். இடது மந்தம். பின்னால் போனேன். வலது மந்தம். முன்னால், இடது. பின்னால், வலது. நாலாவது தடவை ஃபிலோ அக்கா கிளாசைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒரே இடத்தில் நின்று, டேபிள் ஃபேன் மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

12:15

கோளாறு நகரவில்லை. நான்தான் நகர்கிறேன்.

12:20

ஸ்டுடியோவின் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். ஏசி, ஃபேன், கன்சோல் எல்லாம் நின்றது. ஊய் நிற்கவில்லை.

மதியம் 3:00

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பைக்கை மெதுவாக ஓட்டினேன்.

இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒரு கருவியின் கோளாறுப் பதிவேடு மாதிரி படித்தேன். 4-ம் தேதி, ஸ்பீக்கர் அடுக்கு, இடது தோள். 5, அம்மா எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதவில்லை, ஆனால் வாஷ்பேசினுக்கு வலது பக்கம் சுவர். 7, ஊய். 8, இன்வெர்ட்டர். 14, தண்ணீர் லாரி. ஒரு டிரெய்னி இந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வயர்க்கட்டு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கச் சொல்லியிருப்பேன்.

9-ம் தேதிதான் சகிக்கவில்லை. ஹெட்போன் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். திருப்பிப் போடவில்லை. ஒரு செகண்ட் வேலை. கன்சோலில் இருந்த அத்தனையையும் இடம் மாற்றி மாட்டினேன், அதை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது வீட்டு ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மந்தம் இடதிலேயே நிற்கிறது. இடத்தில் தப்பு.

அதே 9-ம் தேதி, கீழே இன்னொரு பத்தி இருக்கிறது. ஃபிலோ அக்காவிடம் நான் சொன்னது. அதை இரண்டாம் தடவை படிக்கவில்லை.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நாளைக்கு வேன் வரும், கன்சோல் துண்டு துண்டாக மும்பை போகும், கோளாறும் அதோடு போனதாகக் கணக்கு. சொன்னால், ஒரு காது போனவனை நம்பி யார் சவுண்ட் வேலை கொடுப்பார்கள்?

இது தலைக்குள் இருந்தபோது நியாயமாகத்தான் இருந்தது. எழுதிப் பார்த்தால் கேவலமாக இருக்கிறது.

ஏழரை மணிக்கு கேட்டில் எல் போர்டு மாட்டிய கார் ஒன்று குலுங்கி நின்றது. ஸ்டியரிங்கில் அம்மா. பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு கார் கத்துக்கப் போகட்டுமான்னு கேட்டேன், உடனே சரின்னே. அப்பவே நெனச்சேன், இவ்ளோ சீக்கிரம் சரிங்கற ஆளில்லையே இவன்னு" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். பாதியிலேயே எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தார். இப்ப சொல்லு என்றார்.

ஆகஸ்ட் 18. திங்கள்

காலை எட்டுக்கே பழைய ஆபீசுக்குப் போய், போன மாதம் சரிபார்த்த மீட்டர் ஒன்றைக் கெஞ்சி வாங்கினேன். எட்டரைக்கு ஸ்டுடியோ. பாய் கேட்டிலேயே நின்றிருந்தார். கன்சோலில் கோளாறு இல்லை, என் இடது காதில் கோளாறு, ரிப்போர்ட் தப்பு என்றேன். மூன்றும் ஒரே மூச்சில்.

பாய் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போன வாரம் உறுதின்னு சொன்னது நீ. இன்னிக்கு உறுதின்னு சொல்றதும் நீ. நான் எந்த உன்னை நம்புறது தம்பி?"

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் பாய், மீட்டரையும் ஃபிலோ அக்காவையும் நம்புங்கள் என்றேன். மீட்டரை பாய் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். இரண்டு பக்கமும் ஒரே கோடு. ஃபிலோ அக்கா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பாயிடம், "அன்னிக்கும் இதத்தான் சொன்னேன். என்னை யாரு கேட்டா?" என்றார். பாய் தலையைச் சொறிந்துகொண்டார்.

மும்பைக்காரர் டூல்பாக்சோடு இறங்கியபோது மணி ஒன்பதேகால். அவர் இந்தியில் சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை. அது காதுக் கோளாறு இல்லை. டீ குடித்துவிட்டு வெறும் வேனோடு போனார். பாய் இசையமைப்பாளருக்குப் போன் போட்டு, பதிவு இங்கேயேதான் என்றார். கழற்றிய பன்னிரண்டு வயரையும் நாளை சாயங்காலத்துக்குள் நான் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும்.

எல்லாரும் போன பிறகு ஃபிலோ அக்காவிடம் போனேன். 9-ம் தேதி உங்கள் காதைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிக்கணும் என்றேன். எழுந்து என் இடது பக்கம் வந்து நின்று ஏதோ முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றேன்.

"கேக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கம் வந்து சொன்னேன்" என்றார்.

மதியம் மீன் ஊறுகாய் பாட்டில் என் பக்கம் வந்தது. வலது பக்கமாக.

சாயங்காலம் காது டாக்டர். கிராஃபில் வலது நேர்க்கோடு. இடது ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்து, பிறகு சரிந்து, ஆறாயிரத்தில் கிணற்றில் விழுகிறது. மெஷினைச் சரிபார்த்து எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். பழக்கதோஷம். டாக்டர் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். போன வருஷம் செப்டம்பர். கீழே கையெழுத்து, ரா. இளம்பரிதி. நான்தான்.

அதற்கப்புறம் டாக்டர்தான் பேசினார். சத்தத்தில் அடிபட்ட காது. இரண்டு மூன்று நாளுக்குள் வந்திருக்க வேண்டும். பத்து நாள் மாத்திரை. கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், வாக்குக் கொடுக்க முடியாது.

ஆகஸ்ட் 19

பன்னிரண்டு வயரும் ஒட்டியாகிவிட்டது. 36-க்கு 36. ஒவ்வொன்றையும் ஃபிலோ அக்கா கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனேன். நேரம் பிடித்தது. பிடிக்கட்டும்.

ஆகஸ்ட் 20. புதன்

பதிவு முடிந்தது.

காலையில் நான் வரும்போதே ஃபிலோ அக்கா டேப் ஒட்டியிருந்தார். வயலின் ஒன்று, இரண்டு என்று ஓடி, செல்லோவில் முடிந்து, அதற்கப்புறம் காலி. கன்சோலின் இடது கோடியில் ஒரு ஸ்டூல். அதன் மேலும் ஒரு துண்டு டேப். 'பரிதி. வலது காது மியூசிக் பக்கம்.' அங்கே உட்கார்ந்தேன்.

எப்படி இருந்தது என்று பாய் கேட்டார். வலது பக்கம் பிரமாதம், இடது பக்கத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை என்றேன். ஃபிலோ அக்கா திரும்பாமலே, இடதும் பிரமாதம்தான், எழுதிக்கோ என்றார். எழுதிக்கொண்டேன்.

கடைசியில் டேப்பை உரித்துக் கதவில் ஒட்டினார். ஸ்டூல் துண்டையும் உரித்து அதன் கீழே ஒட்டினார். என் காது கிராஃபைக் கேட்டு வாங்கி, தன்னுடையதற்குப் பக்கத்தில் விட்டு வைத்த இடத்தில், கோணாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்து ஒட்டினார். பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் என்னுடையது கொஞ்சம் மட்டம்தான்.

இனி செய்ய வேண்டியவை:

1. மாத்திரை, பத்து நாளும். நடுவில் சரியாகிவிட்டது என்று நானாக முடிவுகட்டி நிறுத்தக் கூடாது.

2. ஜெகதீசன் சாரின் இன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டிக் கொடுப்பது. மன்னிப்பும். வடக்குப் பக்க பில்டிங்கில் போய் அவர் யாரிடமாவது சண்டை போட்டுவிட்டாரா என்று விசாரிப்பது.

3. என் மீட்டரின் மேல் ஒட்டிய 'சந்தேகம்' லேபிளைக் கிழிப்பது.

4. செந்தூரனுக்குப் போன். அவனையும் காதைப் பார்க்கச் சொல்வது. இந்தத் தடவை சொல்கிற விதத்தைக் கொஞ்சம் யோசித்துவிட்டு.

5. ஹெட்போனை இரண்டு தடவை போடுவது. இரண்டாவது தடவை திருப்பி. அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்.

6. ஞாயிறு அம்மாவோடு காரில். பின் சீட்டில் உட்காரச் சொன்னார் டிரைவிங் ஸ்கூல்காரர். அம்மா என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சரி.

7. 29-ம் தேதி மறுபடி காது டெஸ்ட். கிராஃப் எப்படி வந்தாலும் ஃபிலோ அக்காவிடம் கொடுப்பது. சுவரில் மூன்றாவதற்கும் இடம் விட்டிருக்கிறார்.